சங்ககிரி டேமேஜ்காரரும் பெருமூச்சுப் பிரபுவும்

இந்த உலகத்தில் எந்தச் சரக்கும் முழுசாக வந்து சேர்ந்ததில்லை என்று மனப்பூர்வமாக நம்பிய மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் டேமேஜ்காரர்தான். ஒரு பௌர்ணமியன்று ஆபீசே வாசலில் நின்று நிலாவை ரசித்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் ஒரு கண்ணை மூடி உற்றுப் பார்த்துவிட்டு, "நடுவுல கறை இருக்குது பாரு கண்ணு. இதை எவன் பாக்காம டெலிவரி எடுத்தான்?" என்று என்னைக் கேட்டவர்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் முதலாளி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் டேமேஜ்காரர். நேரில் பேசும்போது மட்டும் 'அண்ணா' போட்டுக்கொள்வோம்.

நான் சங்ககிரியில், கோட்டை மலைக்குக் கீழே பெரிய ரோட்டை ஒட்டியிருந்த ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் அப்பா உறவுக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய், பையன் மேசை போட்டு உட்காரும் வேலைக்குப் போகிறான் என்று சொல்லிவிட்டு வந்தார். மேசை உண்மைதான். அதன் மேல் எப்போதும் யாராவது ஒரு டிரைவர் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதை நான் வீட்டில் சொல்லவில்லை.

டேமேஜ்காரரின் வேலை இதுதான். லாரியில் வரும் சரக்கை உடையவரிடம் ஒப்படைக்கும் முன்னால், அது உடைந்திருக்கிறதா, ஒழுகியிருக்கிறதா, நனைந்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காதில் ஒரு சாக்பீஸ். கையில் ஒரு கோணி ஊசி. அதற்கு மேல் அவருடைய மூக்கு. ஜவ்வரிசி மூட்டையை மோந்து பார்த்தே எந்த ஊர் மழையில் நனைந்தது என்று சொல்லிவிடுவார் என்று டிரைவர்கள் சத்தியம் செய்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் எந்த டிரைவர் குளிக்கவில்லை என்று சரியாகச் சொல்வார்.

சரக்கில் கோளாறு இருந்தால் சாக்பீசால் அதன் மேல் ஒரு வட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுப்பார். அவ்வளவுதான். அந்த வட்டம் விழுந்த சரக்கைச் சங்ககிரியில் ஒருத்தரும் தொடமாட்டார்கள். ஏற்றமாட்டார்கள், இறக்கமாட்டார்கள், சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். வட்டத்தை எடுக்க வேண்டுமானால் போட்டவரே வந்து, அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட வேண்டும். வேறு யாராவது துடைத்துவிட்டால் அது இன்னும் மோசம். 'அழிச்ச சரக்கு' என்று அதற்குத் தனிப் பெயர். கோளாறு இருக்கிறது, அதை மறைக்க ஒரு திருடனும் இருக்கிறான் என்று அர்த்தம்.

இந்த அதிகாரத்தை மனிதர் ஆபீசோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஊருக்கு நல்லதாக இருந்திருக்கும். சவரக்கடை நாற்காலி ஒரு பக்கம் சாய்கிறது என்று அதன் முதுகில் வட்டம் போட்டுவிட்டு வந்தார். புதுக் கால் வைக்கும்வரை லாரிக்காரர்கள் எல்லோரும் தாடியோடு திரிந்தார்கள். எங்கள் குடோன் நாய் திருடனைப் பார்த்து வாலை ஆட்டியது என்பதற்காக அதன் விலாவில் வட்டம் போட்டார். அது சாக்பீஸ் தானாக உதிரும்வரை சோறு கிடைக்காமல், வெட்கத்தோடு டயர்களுக்குப் பின்னால் படுத்துக் கிடந்தது. அப்புறம் குரைக்கக் கற்றுக்கொண்டது.

ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்தை விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, விசாரிக்க வந்த பெண்ணின் தகப்பனாரிடம், முந்திரி ஷார்ட்டேஜாக இருக்கிறதே, ஏற்றும்போதே குறைவா, வழியில் கொட்டிவிட்டதா என்று அக்கறையாகக் கேட்டார். தகப்பனார் சமையற்கட்டுக்குப் போனார். சமையற்காரரின் மடியில் முந்திரி ஒரு பெரிய முடிச்சாகக் கிடைத்தது. அன்றிலிருந்து கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் அவருக்கு ஒன்று வைக்கத் தவறியதில்லை. சமையற்காரர்கள் மட்டும் அவர் வருகிறார் என்று தெரிந்தால் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு போதை இருந்தது. கதைப் புத்தகம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிலோமினா அக்கா ஒரு வாடகை நூல் நிலையம் வைத்திருந்தார். சேலத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அவருடைய அப்பா வாத்தியாராக இருந்து சேர்த்துவைத்த புத்தகங்களை இரண்டு பீரோவில் அடைத்து, வாசலுக்கு ஓர் அரைக் கதவு போட்டு, உள்ளே நின்றுகொண்டு எடுத்துக் கொடுப்பார். சேலத்தில் இருந்த அண்ணன், தனியாக எதற்குக் கஷ்டப்படுகிறாய், இங்கே வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இரு என்று வருகிற ஆள் போகிற ஆளிடமெல்லாம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். அக்காவுக்குப் போக இஷ்டமில்லை. அண்ணன் பிள்ளைகள் புத்தகத்தின் ஓரத்தைத் தின்கிறவர்கள். ஆகவே இந்தக் கடை நடக்கிறவரைக்கும்தான் அக்காவுக்குச் சங்ககிரி. கடை மூடினால் அண்ணன் வீட்டுச் சமையற்கட்டு.

கடை நடந்தது லாரிக்காரர்களால். பெங்களூர் லைன் போகிற வண்டியில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் எவனாவது டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம்போட்டுப் படித்துக்கொண்டே போவான். ஒரு துப்பறியும் கதையில் கொலைகாரன் யாரென்று தெரிவதற்குள் பெங்களூர் வந்துவிட்டதால், வண்டியை நிறுத்தாமல் ஊரைத் தாண்டிப் போய்விட்டு, குற்றவாளி பிடிபட்ட பிறகு திரும்பி வந்து சரக்கை இறக்கிய டிரைவர் எங்களிடம் இருந்தார். அவர் பெயர் செங்கோடன். திருச்செங்கோட்டுக்காரர், ஆள் ஒரு லாரிக்குப் பாதி இருப்பார்.

எந்தப் புத்தகம் எடுக்கலாம் என்பதை டேமேஜ்காரர்தான் தீர்மானிப்பார். எல்லாவற்றையும் முதலில் படிப்பவர் அவர். "கடைசி அத்தியாயம் ஈரம் கோத்திருக்குது" என்றால் முடிவில் அழுகை அதிகம் என்று பொருள். "கதாநாயகி ஓவர்லோடு" என்றால் வர்ணனை ஜாஸ்தி. "பேக்கிங் ஜோர், உள்ள சரக்கு இல்ல" என்பது அவர் ஒரு நாவலைப் பற்றிச் சொல்லக்கூடிய மகா கடுமையான வார்த்தை.

அந்தச் சமயத்தில்தான் பீரோவின் அடித்தட்டில் இருந்து கறுப்பு அட்டை போட்ட ஒரு தடி நாவல் வெளியே வந்தது. வெளிநாட்டுக் கதையின் தமிழாக்கம். முன் பக்கங்கள் கிழிந்து, எழுதியவர், வெளியிட்டவர், ஊர், பேர் ஒன்றும் இல்லை. ஆனால் பின்னட்டை மட்டும் பத்திரமாக இருந்தது. ரத்தம் குடிக்கும் ஒரு பிரபுவின் கதை இது, இதைப் படிப்பவரின் உடல் நடுங்கும், நா வறளும், நெஞ்சு படபடக்கும், முதுகுத்தண்டு சில்லிடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

டேமேஜ்காரர் அதைப் படித்துவிட்டு முகம் மலர்ந்து போனார். அப்போதுதான் அவர் தன் வாழ்க்கையின் பெரிய குறையை எனக்குச் சொன்னார். அவர் பயந்ததே இல்லையாம். சின்ன வயதில் கிணற்றில் தவறி விழுந்தபோது, படிக்கட்டில் ஒரு கல் பெயர்ந்திருந்ததைத்தான் கவனித்தாராம். அவரை ஏற்றிப் போன லாரி ஒரு தடவை கவிழ்ந்தது. அப்போதும் ஊறுகாய் ஜாடி எத்தனை தேறும் என்றுதான் யோசனை ஓடியதாம்.

"எல்லாரும் பயந்தேன் பயந்தேங்கறாங்க கண்ணு. அது எப்படித்தான் இருக்கும்னு ஒருக்கா பாத்துப்போடோணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை" என்றார். பழனிக்குப் போக வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அறையில் அதற்கான ஏற்பாடுகள் நடந்தன. நா வறண்டால் குடிக்க ஒரு சொம்புத் தண்ணீர். முதுகு சில்லிட்டால் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி. சித்திரை மாதம், சங்ககிரி வெயில், கம்பளி. மயங்கி விழுந்தால் பிடித்துக்கொள்ள நான். படித்தவன் பக்கத்தில் இருந்தால் தைரியம் என்று சொல்லி என்னை உட்கார வைத்திருந்தார். நானும் பொறுப்பாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரபு ஒரு பழைய கோட்டையில் இருந்தார். ஜன்னல் ஓரம் நின்று பனியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். மாடிப்படி ஏறினார். அங்கே ஒரு ஜன்னல். அங்கேயும் பனி, அங்கேயும் பெருமூச்சு. டேமேஜ்காரர் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனார். வெயில் ஏறிற்று. கம்பளி கழன்றது. தண்ணீரை நான் குடித்துவிட்டேன்.

"ஏங்கண்ணு, இவன் செத்தவன்தானே?"

ஆமாம், செத்துப் பல காலம் ஆனதாகப் போட்டிருக்கிறது என்றேன்.

"செத்தவனுக்கு மூச்சே கெடையாதே. பெருமூச்சு மட்டும் எங்கிருந்து வருது?"

எங்கள் ஹைஸ்கூலில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதன் பிறகு குறைகள் மழை மாதிரி கொட்டின. பிரபு கண்ணாடியில் தெரியமாட்டாராம். அப்படியானால் மழுமழுவென்று சவரம் செய்த முகம் என்று எழுதியிருக்கிறதே, எப்படிச் செய்துகொண்டார்? பகலில் ஒரு மரப்பெட்டிக்குள் படுப்பாராம். பெட்டிக்குள் வைக்கோல் வைத்ததாக ஒரு வரிகூட இல்லை, கோட்டையிலிருந்து அடுத்த ஊர் போவதற்குள் ஆள் நொறுங்கியிருப்பானே? வெயில் பட்டால் ஆகாதாம், யாருக்குத்தான் ஆகிறது? பூண்டைக் கண்டால் ஓடிவிடுவாராம். எங்கள் குடோனில் சேலம் மண்டிக்குப் போகிற பூண்டு மூட்டை கூரை முட்ட அடுக்கியிருந்தது. "உள்ள வந்தான்னா அவன்தான் டேமேஜ்" என்றார்.

கடைசியில், ரொம்பக் கடைசியில், பிரபு ஒரு பெண்ணின் கழுத்தைக் கடித்து ரத்தம் குடித்தார். நான் டேமேஜ்காரரைப் பிடித்துக்கொள்ளத் தயாராக எழுந்து நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது பயம் இல்லை. பசி.

"பச்சையாவேவா? ஒரு வெங்காயம் இல்ல, வரமொளகா இல்ல. நம்ம ரோட்டோர ஓட்டல்ல காலையில ரத்தப் பொரியல் போடறானே, ஒரு தட்டு வாங்கிக் குடுத்திருந்தா அந்தப் புள்ளய விட்டிருப்பான்" என்றார். அவர் ஊர் முனியப்பன் கோயில் நோம்பித் திருவிழாவில் பூசாரி அருள் வந்து ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை நின்றபடியே குடிப்பாராம். குடித்துவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் பருத்திக் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவாராம். ஒரு நாளும் ஜன்னலில் நின்றதில்லையாம்.

முற்றும் என்று வந்ததும் புத்தகத்தை மூடினார். தலைகீழாகப் பிடித்து ஆட்டினார். மோந்தார். காதில் வைத்துக் கேட்டார்.

"பேக்கிங் ஜோர்" என்றார். மீதியைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நூல் நிலையத்துக்கு அவர் பின்னாலேயே நானும் போனேன். பேச்சு மரியாதையாகத்தான் ஆரம்பித்தது. அக்கா அரைக் கதவுக்கு உள்ளே, அவர் வெளியே.

"அம்மிணி, இதுல பயம்னு போட்டு அனுப்பிச்சிருக்காங்க. பிரிச்சுப் பாத்தா உள்ள பயம் இல்லீங்க. முழு ஷார்ட்டேஜ்."

பிலோமினா அக்கா சாதாரணமாகச் சண்டைக்கு நிற்கிறவர் இல்லை. ஆனால் அந்த நாவல் அவருடைய உயிர். இளம் வயதிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது படித்து அழுவது வழக்கமாம். "அவரு துக்கத்துல இருக்காருங்கண்ணா" என்றார்.

"துக்கத்துல இருக்கறவன் துக்கம்னு லேபிள் ஒட்டோணுங்க. நெய்யின்னு போட்டு வெளக்கெண்ணெய் அனுப்பிச்சா நான் உடுவேனுங்களா?"

"உங்களுக்கு ரசிக்கத் தெரியலீங்கண்ணா. மூட்டையக் குத்திப் பாக்கற ஊசியில அவரு மனசக் குத்தினா என்ன தெரியும்?"

இது டேமேஜ்காரரின் தொழிலையே குத்தியது. அவர் காதிலிருந்து சாக்பீசை எடுத்தார். புத்தகத்தின் மேல் வட்டம் போடுவதற்காகக் கையை நீட்டினார். அக்கா அதை வெடுக்கென்று பிடுங்கி, முந்தானைக்குள் பச்சைப் பிள்ளையை மறைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டார். சரக்கு எட்டாவிட்டால் வண்டியின் மேல் வட்டம் போடுவது எங்கள் தொழில் வழக்கம். டேமேஜ்காரர் ஒரு கணம் யோசித்தார். அப்புறம் அரைக் கதவின் மேல், நடுவாக, அழகாக ஒரு வட்டம் போட்டுக் குறுக்கே கோடு இழுத்துவிட்டு நடந்தார்.

அன்று சாயங்காலம் பெங்களூர் லைன் வண்டிகள் வந்தன. டிரைவர்கள் நூல் நிலையத்துக்கு வந்தார்கள். கதவைப் பார்த்தார்கள். திரும்பிப் போனார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாவது நாள் அக்கா கோபத்தில் ஈரத்துணியால் கதவைப் பளிச்சென்று துடைத்துவிட்டார். செங்கோடன் அதைப் பார்த்துவிட்டு ஆபீசுக்கு ஓடி வந்து, "அழிச்சுப் போட்டாங்க" என்று தணிந்த குரலில் சொன்னார். அவ்வளவுதான், அந்தப் பக்கம் நடப்பதையே நிறுத்திவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வேறு சந்து வழியாகச் சுற்றிப் போனார்கள். துடைத்த இடம் கதவின் மற்ற இடங்களைவிடச் சுத்தமாக இருந்ததால் வட்டம் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

அக்காவின் அண்ணனுக்கு யாரோ செய்தி சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் வந்துவிடு, மாடியில் அறை ஒழித்து வைத்திருக்கிறது என்று ஆள் அனுப்பினார்.

நான் டேமேஜ்காரரிடம் மன்றாடினேன். ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள், அக்கா பிழைத்துப்போகட்டும் என்றேன். அவர் என்னைவிட வருத்தமாகத்தான் இருந்தார். அவரும் தன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் புத்தகம் எடுக்கவில்லை. சரக்குச் சுற்றி வந்த பழைய காகிதங்களைப் பிரித்து, எண்ணெய்க் கறைக்கு நடுவே தொடர்கதை தேடிக்கொண்டிருந்தார். ஆனாலும் சட்டம் சட்டம்தான். அனுப்பினவன் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அனுப்பினவன் பெயர் இருந்த பக்கமே கிழிந்துவிட்டது. இல்லாவிட்டால், சொன்ன சரக்கைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

"பயத்தக் கொண்டாந்து குடுத்தா இப்பவே கையெழுத்துப் போடறேன் சாமி. எனக்கு மட்டும் ஆசையா?"

அப்படியானால் கொடுத்துவிடலாம் என்று நான் முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன் நான். கறுப்புப் புத்தகத்தை அக்காவிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்து, மதியச் சாப்பாட்டுக்கு மேல் அவர் எதிரில் நின்று, கையை ஆட்டி, குரலைக் கீழிறக்கி, கோட்டை அத்தியாயத்தை உணர்ச்சியோடு வாசித்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டு ஓநாய் மாதிரி ஊளையிட்ட இடத்தில் முதலாளி உள்ளே வந்தார். டேமேஜ்காரர் பூண்டு மூட்டையில் சாய்ந்து ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். முதலாளி என் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு அரை நாள் விடுப்புக் கொடுத்தார்.

அடுத்து செங்கோடனைப் பிடித்தேன். பாதியில் நின்ற ஒரு துப்பறியும் கதையின் முடிவு தெரியாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார், ஆகவே சம்மதித்தார். கறுப்புத் தார்ப்பாயை அங்கியாகப் போர்த்தி, வெற்றிலை போடச் சொல்லி உதட்டைச் சிவப்பாக்கி, முள்ளங்கியைச் செதுக்கி இரண்டு கோரைப் பல் வைத்தேன். குடோனுக்குள் மத்தியானத்திலும் இருட்டாக இருக்கும். அடுக்குக்குப் பின்னால் நிறுத்தினேன். டேமேஜ்காரர் உள்ளே போனதும் செங்கோடன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு உறுமியபடி வெளியே வந்தார். அந்த உருவத்தைப் பார்த்து, தயார் செய்த நானே வெளியே ஓடிவிட்டேன்.

நான் திரும்பிப் போனபோது டேமேஜ்காரர் தார்ப்பாயின் மூலையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். "கயிறு போடற கண்ணி ரெண்டும் பிஞ்சிருக்குது பாரு. மழை வந்தா என்ன பண்ணுவே?" என்று பிரபுவைக் கண்டித்துக்கொண்டிருந்தார். அப்புறம் செங்கோடன் வாயிலிருந்து ஒரு பல்லைப் பிடுங்கி நகத்தால் கீறிப் பார்த்து, முற்றல் என்று சொல்லிவிட்டு, அவர் மார்பில் வட்டம் போட்டார். அன்று பூராவும் செங்கோடனுக்கு யாரும் டீ தரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அவர் பரிதாபமாக வந்து நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

மாதக் கடைசி வந்தது. ஒரு காலையில் மாட்டுவண்டி ஒன்று எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. முன்னால் பிலோமினா அக்கா நடந்து வந்தார். வண்டியில் மரப்பெட்டிகள். சேலத்துக்கு புக்கிங் போட வேண்டும் என்றார். நான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

வெளியூர் போகிற சரக்கின் பேக்கிங்கைப் பார்ப்பதும் டேமேஜ்காரரின் வேலைதான். வழக்கம்போல ஊசியோடு வந்தார். பெட்டியைத் தட்டினார்.

"உள்ள என்னங்க?"

"புஸ்தகம்" என்றார் அக்கா.

"எங்கீங்க போவுது?"

"சேலம். அண்ணன் வீட்டுக்கு."

"ரிட்டன் எப்பங்க?"

"ரிட்டன் இல்லீங்கண்ணா. கடையை மூடியாச்சு."

அவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். காதிலிருந்து சாக்பீசை எடுத்தார். எந்தப் பெட்டியின் மேலும் அது போய்ச் சேரவில்லை. கை பாதியில் நின்றது. சாக்பீஸ் தரையில் விழுந்து உடைந்தது. அப்புறம் அவர் பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

"கண்ணு, கொஞ்சம் தண்ணி."

கொடுத்தேன். குடித்துவிட்டு, தன் கையை விரித்து வெளிச்சத்தில் பிடித்து, மூட்டையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அது ஆடிக்கொண்டிருந்தது.

"இங்க நெஞ்சுல கை வெச்சுப் பாரு. வண்டி மேடு ஏர்ற மாதிரி உறுமுது. காலையில தின்ன இட்டிலி சேரலியா?"

"இட்டிலி இல்லீங்கண்ணா. இதாங்க பயம்" என்றேன்.

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, அந்தக் கறுப்புப் புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டார். அது பெட்டியில் இல்லை, அக்காவின் கைப்பையில் இருந்தது. அதை வாங்கி, பின்னட்டையைத் திருப்பி, சரக்கு இறக்கும்போது சரிபார்க்கிற அதே குரலில் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"'உடல் நடுங்கும்.' நடுங்குது. 'நா வறளும்.' வறண்டு போச்சு, இப்பத்தான் தண்ணி குடிச்சேன், மறுக்கா வறண்டுருச்சு. 'நெஞ்சு படபடக்கும்.' கண்ணு, நீ சாட்சி. 'முதுகுத்தண்டு சில்லிடும்.' பனியனத் தூக்கித் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். சித்திரை வெயிலில் அவர் முதுகு மண்பானை மாதிரி குளிர்ந்திருந்தது.

"அம்மிணி" என்றார். குரல் நடுங்கியது. "சரக்கு வந்துருச்சுங்க. லேட் டெலிவரி. ஆனா ஒன்னும் கொறையில்ல. முழுசா வந்திருக்குது."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "அது புஸ்தகத்துல வந்த பயமில்லீங்களே?"

"எந்த லைன்ல வந்தா என்னங்க? புக் ஆன சரக்கு சேர வேண்டிய ஆளுக்குச் சேந்துருச்சு. நாங் கையெழுத்துப் போடறேன்."

"அப்ப எங்க பிரபு ஒசத்தின்னு ஒத்துக்கிறீங்களா?"

டேமேஜ்காரர் நடுங்கியபடியே நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது வேற டிபார்ட்மெண்டுங்க" என்றார்.

மாட்டுவண்டி வந்த வழியே திரும்பியது. இந்த முறை முன்னால் நடந்தவர் டேமேஜ்காரர். துடைத்துப்போன வட்டத்தைக் கதவில் முதலில் திரும்பவும் வரைந்தார். இல்லாத வட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட முடியாதே. அப்புறம் அதன் கீழே, செங்கோடனும் மற்ற டிரைவர்களும் சாட்சியாக நிற்க, கையெழுத்துப் போட்டார். அவர் பெயர் என்ன என்று தெரிந்துகொள்ளலாம் என்று நான் எட்டிப் பார்த்தேன். ஒரு புழு நெளிந்த மாதிரி இருந்தது. செங்கோடன் அரைக் கதவைத் தாண்டிக் குதித்து, பெட்டியை உடைத்து, தன் கொலைகாரனைத் தேட ஆரம்பித்தார். அக்கா அண்ணனுக்கு, மாடி அறையில் மாங்காய் அடுக்கிக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினார்.

பிரபுவைப் பற்றிய தகராறு மட்டும் தீரவே இல்லை. சாயங்காலங்களில் அரைக் கதவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு இருவரும் வாதாடுவார்கள். செத்தவன் எப்படிப் பெருமூச்சு விடலாம் என்று இவர் ஆரம்பிப்பார். மனசுக்குச் சாவில்லை என்று அக்கா சொல்வார். நானும் நடுவில் நின்று, பள்ளிக்கூடத்தில் படித்த அதிகாரத்தில் ஏதாவது சொல்வேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுவார்கள்.

இப்போது எனக்குச் சேலத்தில் வேலை. இங்கே நண்பர்கள் நல்ல நல்ல புத்தகங்களாகப் பார்த்துச் சொல்கிறார்கள், நானும் படிக்கிறேன். போன வாரம் தற்செயலாக ஒரு படு மட்டமான நாவல் கையில் கிடைத்தது. கதாநாயகன் முதல் அத்தியாயத்தில் ஒரு மலை உச்சியில் நிற்கிறான். பாதிப் புத்தகம் வரை இறங்கவில்லை. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. பழைய செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, ஓரம் நசுங்காமல் பைக்குள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு சங்ககிரிக்குக் கிளம்புகிறேன்.